பானவியில் பதினொரு மணிக்கு

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், போர்ட் அகஸ்டஸில் கப்பலைக் கரையோடு கட்டிவிட்டு டூகல் மிச்சக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவன் மனைவி மார்சலி போன் செய்தாள்.

"வியாழக்கிழமை நான் கிளாஸ்கோவுக்குக் கிளம்பறேன். அக்கா வீட்டுக்காரர் வேன் எடுத்துட்டு வர்றாரு."

"எத்தனை நாளைக்கு?"

"திரும்பி வர்றதா இல்ல, டூகல்."

ஏரியில் வாத்துகள் இரண்டு ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போயின. அவற்றையே பார்த்தபடி, "அப்பா?" என்று கேட்டான்.

"அவரு உன் அப்பா. நாலு வருஷம் நான் பாத்தாச்சு. பதினொரு மணிக்கு வேன் வந்துரும். அதுக்குள்ள நீ வீட்ல இருக்கணும். அவரைத் தனியா விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல. இருக்கவும் முடியல."

"சரி" என்றான். வரும்போது ரொட்டி வாங்கிவா என்றால் எப்படிச் சொல்வானோ அப்படித்தான் சொன்னான். அவளும் வேறெதுவும் கேட்காமல் வைத்துவிட்டாள்.

'ஐலா ரோஸ்' சின்னக் கப்பல். பன்னிரண்டு பயணிகள், ஐந்து ஆட்கள். இன்வர்நெஸ்ஸில் ஏறினால் ஏரிகளும் கால்வாயுமாகக் குறுக்கே வெட்டி, ஆறாம் நாள் மேற்குக் கடற்கரையில் ஓபானில் இறக்கிவிடும். இஞ்சினும் கயிறுகளும் டூகலின் பொறுப்பு. வழியில் பானவியில், கால்வாய்க் கரையிலேயே அவன் வீடு. கப்பலுக்கு அங்கே போய்ச்சேர ஒன்றரை நாள் ஆகும். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் போதும்.

புதன்கிழமை காலையில் பாலத்தடியில் பானவி பஸ் வந்து நின்றதை மேல்தட்டிலிருந்து பார்த்தான். முதுகுப்பையோடு இரண்டு பெண்கள் ஏறினார்கள். ஓட்டுநர் இறங்கி ஒரு சிகரெட் பிடித்து முடித்துவிட்டு மறுபடி ஏறினார். அவ்வளவு நேரம் இருந்தது. டூகல் கேப்டனின் அறைக்குப் போனான். கேப்டன் ஷோனா வரைபடத்திலிருந்து தலையைத் தூக்கி, "என்ன?" என்றாள்.

"எண்ணெய் வடிகட்டியை நாளைக்கு மாத்திடணும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். பஸ் போயிருந்தது.

கால்வாயில் கப்பல் ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகும். கரையில் நாயோடு வந்த ஒரு கிழவர் முந்திக்கொண்டு போனார். பயணிகளில் பென்டில்டன் என்று ஒரு ஓய்வுபெற்ற பல் டாக்டர். தூங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கேள்வி கேட்பார். இந்த மலைக்கு என்ன பெயர், அந்த மரத்துக்கு என்ன வயது, தண்ணீர் ஏன் கறுப்பாக இருக்கிறது. டூகல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். லாகன் தாண்டிப் பைன் மரங்கள் இரண்டு கரையிலும் நெருங்கி வந்தபோது எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் படம் எடுத்தார்கள். அவன் உள்ளுக்குள் எதுவோ வரும் என்று காத்திருந்தான். கோபமோ, பயமோ. ஒன்றும் வரவில்லை. மத்தியானம் மீனும் உருளைக்கிழங்கும் போட்டார்கள். இரண்டு தட்டு சாப்பிட்டான்.

அப்பா அர்ச்சி முப்பத்தெட்டு வருஷம் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். இப்போது எந்த நேரத்திலும் லாரியைத் தேடிக் கிளம்பிவிடுகிறார். போன குளிர்காலம் முழுக்க மார்சலி வாசல் கதவுக்குக் குறுக்கே பாய்போலக் கம்பளி விரித்துப் படுத்தாள். குளிர்காலத்தில் கப்பல் ஓடாது. ஆனாலும் பழுது பார்க்கிற வேலை இருக்கிறது என்று டூகல் இன்வர்நெஸ்ஸுக்குப் போய்விடுவான். வேலை இருக்கத்தான் செய்தது, மூன்று வாரத்துக்கு மட்டும். ஒருநாள் அர்ச்சி அவளைக் கன்னத்தில் அறைந்துவிட்டதாகப் போனில் சொன்னாள். "அவருக்குத் தெரியாம செய்யறாரு" என்று டூகல் சொன்னான். "தெரியாம அடிச்சாலும் வலிக்குது" என்றாள். அதற்கப்புறம் அப்பாவைப் பற்றி அவள் போனில் எதுவும் சொன்னதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று அவன் எடுத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கப்பல் பானவி உச்சிக்கு வந்து சேர்ந்தது. அங்கே எட்டு மதகுத் தொட்டிகள், மாடிப்படி மாதிரி ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக. ஒவ்வொன்றிலும் கப்பலை நிறுத்திப் பின்கதவை மூடித் தண்ணீரை வடியவிட்டால், கப்பல் ஓர் ஆள் உயரத்துக்கும் மேல் தாழும், முன்கதவு திறக்கும், அடுத்த தொட்டி. கீழே போய்ச்சேர ஒன்றரை மணி நேரம். டூகல் கரைச் சுவரின் மேல் கயிற்றைப் பிடித்தபடி கூடவே நடக்க வேண்டும்.

இரண்டாவது தொட்டியில் நிற்கும்போது மார்சலி வந்தாள். ஒரு கையில் பை, மறுகையில் அர்ச்சி. அவருக்குக் கோட்டும் தொப்பியும் போட்டு முகச்சவரம் செய்துவிட்டிருந்தாள்.

"பதினொண்ணு ஆகலையே இன்னும்" என்றான் டூகல்.

"நீ கீழ இறங்கி முடிக்கப் பதினொன்றரை ஆகும். எனக்குத் தெரியாதா? ஒன்பது வருஷமா ஜன்னல்ல நின்னு பாக்கறேன்."

கயிறு இறுகியது. கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தான். அவள் பையைத் திறந்து காட்டினாள். "மாத்திரை இதுல. காலைல ரெண்டு, ராத்திரி ஒண்ணு. லேஸ் வெச்ச ஷூ வேண்டாம், அவுத்துடுவாரு. கண்ணாடியைப் பாத்தா யாரோ ஆள் நிக்கறான்னு பயப்படறாரு. துணி போட்டு மூடிடு."

"சரி."

கதவு திறந்தது. நடந்தார்கள். மூன்றாவது தொட்டி.

"நேத்து பஸ் இருந்துச்சு" என்றாள்.

"இருந்துச்சு."

"ஏன் வரல?"

அவன் யோசித்துப் பார்த்தான். உண்மையாகவே யோசித்தான். "தெரியல."

"வந்திருந்தா, ஒருவேளை, வேனைத் திருப்பி அனுப்பியிருப்பேன்." அவள் குரலில் சண்டை இல்லை. "இனிமே சொல்லி என்ன. சொல்லிட்டேன்."

அர்ச்சி சுவரோரம் குனிந்து, கீழே இறங்கிக்கொண்டிருந்த கப்பலைப் பார்த்தார். "ஏய்யா, அங்க என் லாரியைப் பாத்தியா?" என்று பல் டாக்டரிடம் கேட்டார்.

"என்ன நிறம் சார்?" என்று பென்டில்டன் அண்ணாந்து கேட்டார். "சிவப்பா?"

"பச்சை!" என்றார் அர்ச்சி, சந்தோஷமாக. நான்கு நாளில் பென்டில்டன் கேட்டதிலேயே உருப்படியான கேள்வி அதுதான் என்று டூகலுக்குத் தோன்றியது. சிரிப்பு வரவில்லை.

ஆறாவது தொட்டியில் கேப்டன் இரும்பு ஏணி வழியாகச் சுவருக்கு ஏறி வந்தாள். "யாரு டூகல் இவரு?"

"எங்கப்பா."

மீதியை மார்சலி சொன்னாள். மூன்றே வாக்கியம். கேப்டன் டூகல் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."

"சொல்லியிருந்தா அகஸ்டஸ்லயே இறக்கி விட்டிருப்பேனே."

"தெரியும்."

"ஓ" என்றாள் கேப்டன். "தெரிஞ்சுதான் சொல்லல."

டூகல் கயிற்றைப் பார்த்தான். கயிறு ஈரமாக இருந்தது.

"வாங்க அர்ச்சி" என்று கேப்டன் அவர் கையைப் பிடித்தாள். "உள்ள சூடா சூப் இருக்கு. ஒரு அறை காலியா கிடக்கு. ஓபான் வரைக்கும்தான், டூகல். அதுக்கப்புறம் உன் பாடு."

மார்சலி அர்ச்சியின் கோட்டில் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நல்ல பொண்ணா இருக்கியே, யாரும்மா நீ? எங்க வீட்ல ஒருத்தி இருப்பா. நான் வர நேரமாகும்னு அவகிட்ட சொல்லிடறியா? தூங்காம உக்காந்திருப்பா."

"சொல்லிடறேன்" என்றாள் மார்சலி.

பையை டூகலின் காலருகே வைத்தாள். புல் சரிவில் ஏறிப் போனாள், அவசரப்படாமல். டூகல் தன் கையிலிருந்த கயிற்றை வேறொருவரிடம் கொடுத்திருக்கலாம். ஒரு குரல் கொடுத்தால் போதும், வாங்கிக்கொள்ள ஆள் இருந்தார்கள். ஏழாவது தொட்டியின் கதவு திறந்தது. அவன் நடந்தான்.

எட்டாவதும் முடிந்து கயிற்றை எடுத்துக்கொண்டு கப்பலில் ஏறினான். முதலில் ரயில் பாலம் விலகியது. அப்புறம் சாலைப் பாலம். மணி அடித்து, தடுப்புகள் இறங்கி, பாலம் மொத்தமாகப் பக்கவாட்டில் திரும்பி வழிவிட்டது. தடுப்புக்குப் பின்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. நான்காவதாக ஒரு வெள்ளை வேன். மேலே கயிறு போட்டுக் கட்டிய ஒரு கட்டில் பலகை.

அர்ச்சி ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையோடு மேல்தட்டில் உட்கார்ந்து, நிற்கிற வண்டிகளுக்கெல்லாம் கையசைத்தார். முதல் காரிலிருந்து ஒரு குழந்தை கையசைத்தது. இரண்டாவது வண்டிக்காரர் தொப்பியைத் தூக்கினார்.

வேனில் மார்சலி மடியில் காகிதத்தை விரித்து ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து, பெரிய பெரிய வாயாக. அவள் இப்படி உட்கார்ந்து சாப்பிட்டு அவன் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தான். நினைவுக்கு வரவில்லை. அவள் நிமிரவில்லை. கப்பல் அதன் நடை வேகத்திலேயே பாலத்தைக் கடந்தது.

பின்னால் மறுபடி மணி அடித்தது. பாலம் திரும்பிப் பொருந்தியது. வண்டிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. அர்ச்சி கையை இறக்காமல் அசைத்துக்கொண்டே இருந்தார், கடைசி வண்டி போய் சாலை வெறுமையான பிறகும்.