ரெண்டு பேரும் விலகுவம்

நாங்கள் வோட்டுப் போட்டு அனுப்பின கவுன்சிலர், பாதியில எங்களை விட்டிட்டு மாகாணப் பாராளுமன்றத்துக்குத் தாவிட்டார். கதிரை காலி, இடைத்தேர்தல். வோபர்ன் வட்டாரத்தில நாங்கள் வாடகைக்கு இருக்கிற பில்டிங்கை இடிச்சு, கொண்டோ எண்டு விலைக்கு விக்கிற மாடிவீடுகள் கட்ட ஒரு கொம்பனி ஒற்றைக்காலில நிக்குது. புதுக் கவுன்சிலரும் அதுக்குத் தலையாட்டினால் நாங்கள் எல்லாம் நடுத்தெருவில. அதுதான் நானே நிப்பமெண்டு பேரைக் குடுத்தன். வயது போனாலும் மயூரியின்ர வாய் போகேல்லை.

என்னோட அன்புராசா அண்ணையும் நிண்டார். இடிக்க விடமாட்டன் எண்டு எங்கட லொபியில சத்தியம் பண்ணின மனுசன். மற்றவன் என்ர மனுசன்ர தம்பி கீதன். அந்தக் கொம்பனியின்ர கொண்டோக்களை விக்கிறவன்.

ஒருநாள் கீதன் வீட்டை வந்தான். நான் சுட்ட தோசையைத் திண்டுகொண்டே சொன்னான்: "அண்ணி, மூண்டு தமிழர் நிண்டால் வோட்டு உடையும். நாங்கள் ரெண்டு பேரும் விலகுவம். அன்புராசா அண்ணை வெல்லட்டும்."

உவனுக்கும் மனச்சாட்சி இருக்கெண்டு எனக்குக் கண் கலங்கிப் போச்சு.

விலகிறதுக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. சிற்றி ஹோலுக்குப் போனன். கீதன் போன் எடுத்தான். "பார்க்கிங் தேடுறன் அண்ணி, நீங்கள் போய் சைன் வையுங்கோ." வைச்சன்.

பின்னேரம் பார்த்தால் பட்டியலில என்ர பேர் இல்லை, அவன்ர பேர் குத்துக்கல்லு மாதிரி இருக்கு!

"ட்ரஃபிக் அண்ணி, பிந்திப்போச்சு" எண்டான்.

அட சண்டாளா! மனுசனிட்டச் சொன்னால், "சின்னப் பெடியன், விடும்" எண்டுறார். தலை நரைச்ச சின்னப் பெடியன்!

கோவத்தில காய்ச்சல் வந்து ஒரு கிழமை படுத்துக் கிடந்தன். ஆரோடயும் கதைக்கேல்லை. பிறகு, எங்கட பில்டிங் வோட்டையாவது அன்புராசா அண்ணைக்குச் சேர்ப்பமெண்டு எழும்பிக் கதவு தட்ட வெளிக்கிட்டன்.

முதல் கதவு ரிஃப்னாவின்ர. எனக்காக வேட்புமனுவில கையெழுத்து வைச்ச பிள்ளை.

"வாங்க அக்கா! பில்டிங்ல நாங்க எல்லாரும் ஒண்ணாப் போய் முந்தாநாளே வோட்டுப் போட்டுட்டோம். தேர்தல் நாளில சனம் குறையட்டும் எண்டு முன்கூட்டியே போட விடுறாங்க தானே."

"ஆருக்குப் போட்டனீங்கள்?"

"கீதனுக்குத்தான். நீங்க அவருக்காக விலகினதா வீடு வீடா வந்து சொன்னாரே. நீங்க சொன்னா நாங்க மீறுவமா?"

எவ்வளவு சந்தோசமாச் சொன்னாள், பாவி. அவளுக்குச் சொல்லாமல் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் ஒண்டும் விடாமல் எல்லாத்தையும் சொன்னன்.

அவள் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள்.

"அப்ப எங்கட வீடு, அக்கா?"