தும்பித் துணி

பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் எண்பதாயிரம் படங்கள் இருந்தன. கடலலை ஊரை வாரிக்கொண்டு போன பிறகு, சேற்றிலிருந்து பொறுக்கிக் கழுவி, கொடியில் காயவைத்து, கணினியில் ஏற்றியவை. ஒரு முகத்தைக் காட்டினால் அந்த முகம் உள்ள படங்களையெல்லாம் கணினி எடுத்துக் கொடுக்கும்.

சயோகோவிடம் காட்ட முகம் இல்லை. மகள் மிஹாருவோடு வீட்டிலிருந்த படங்களும் போய்விட்டன. புத்தமாடத்தில் வைக்க ஒரே ஒரு படம் கிடைத்தால் போதும் என்று வந்திருந்தாள். கைப்பையிலிருந்து சின்னச் சுருக்குப்பை ஒன்றை எடுத்து வைத்தாள். மிஹாருவுக்குத் திருவிழா யுகாதா அங்கி தைத்ததில் மிஞ்சிய துணி. நீலத்தில் வெள்ளைத் தும்பிகள்.

“உங்க மெஷினுக்குத் துணியெல்லாம் தெரியுமா, குமகாய்-சான்?”

“மனுசங்களைவிட நல்லாத் தெரியும். என் மூஞ்சியைக் காட்டினேன், பூசணிக்காயை எடுத்துக் குடுத்துச்சு” என்றார் கணினி முன் இருந்தவர்.

ஒன்பது படங்கள் வந்தன. எட்டில் மிஹாருவின் முகத்தை மட்டும் உப்புநீர் தின்றிருந்தது. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் பளிச்சென்று சிரித்தார்கள். ஒன்பதாவதில் முகம் முழுசாக இருந்தது. தொடப்போன சயோகோவின் விரல் பாதியில் நின்றது.

“மடிப்பைப் பாருங்க.”

யுகாதாவை மார்பின் குறுக்கே மடித்துக் கட்டும்போது, உயிரோடிருப்பவர்களுக்கு இடது மடிப்புதான் மேலே வரும். இதில் வலது மடிப்பு மேலே இருந்தது. இறந்தவர்களைப் பெட்டியில் படுக்கவைக்கும்போதுதான் அப்படி உடுத்துவார்கள்.

“ஃபிலிமைத் திருப்பி வச்சு ஸ்கேன் பண்ணியிருப்பாங்க. அடிக்கடி நடக்கும்.” குமகாய் படத்தை இடவலமாகப் புரட்டினார். மடிப்பு சரியானது. ஆனால் பின்னாலிருந்த பலகாரக் கடைப் பலகையின் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோலப் புரண்டுகொண்டன. பழையபடி மாற்றினார்.

“அவளே கட்டிக்கிட்டாளோ என்னமோ.”

“நான்தான் கட்டிவிட்டேன்.”

மற்ற எட்டையும் பார்த்தார்கள். அதே கடை, அதே விளக்குகள், அதே மாலை. எட்டிலும் இடது மடிப்பு மேலே.

குமகாய் தொண்டையைச் செருமினார். “முகத்தை மட்டும் வெட்டி வேற உடுப்புல ஒட்டித் தரேன். மாடத்துப் படத்துக்கு எல்லாரும் அப்படித்தானே செய்யறாங்க.”

“வேண்டாம்.” சயோகோ திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. “அவ உடம்பு கிடைக்கவேயில்லை. இந்த மடிப்பை நான் மடிச்சுவிட்டிருக்கணும். யாரோ மடிச்சுவிட்டிருக்காங்க. அப்படியே போட்டுக் குடுங்க.”

அச்சுப்பொறியிலிருந்து படம் ஈரவாசனையோடு வெளியே வந்தது. இரு கையாலும் வாங்கிக்கொண்டு, சயோகோ ஆழக் குனிந்து வணங்கினாள். குமகாய்க்கு அல்ல, படத்தின் ஓரத்துக்கு அப்பால், அதில் விழாமல் நின்ற யாருக்கோ.