பாதி வழியில் திரும்பியவர்

எங்கள் தீவில் ஒருவர் இரட்சிக்கப்பட்டவரா இல்லையா என்பது அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும். அவரையே கேட்டால், "அதைச் சொல்ல நான் யாரு?" என்று தலையைக் குனிந்துகொள்வார். அப்படிக் குனிவதுதான் மரியாதை. நிமிர்ந்து "ஆமாம்" என்றால் தலைக்கனம் பிடித்துவிட்டது என்று அர்த்தம். நானும் ஐம்பத்திரண்டு வயதுவரை குனிந்தேதான் இருந்தேன்.

ஞாயிறு இரண்டு ஆராதனை, வாரநாளில் ஜெபக்கூட்டம், ஒன்றும் தவறியதில்லை. ஆனால் அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து மேசைக்கு மட்டும் போனதில்லை. எங்கள் கோயிலில் நானூறு பேர் உட்கார்ந்தால் அறுபது பேர்தான் எழுந்து மேசைக்குப் போவார்கள். மிச்சப்பேர் காத்திருக்கிறோம். உலகம் உண்டாகும் முன்னே கடவுள் தம்முடையவர்களைத் தெரிந்துகொண்டார். அவர்களுக்கு மனம் திரும்புகிற வரத்தையும் அவரே கொடுப்பார். நாமாகப் போய் எட்டிப் பறிக்கக்கூடாது. என் அம்மா அப்படிக் காத்திருந்தே போய்ச் சேர்ந்தாள். நல்ல மனுஷி. 

நான் மளிகை வேன் ஓட்டுகிறேன். தீவின் பட்டணமான ஸ்டோர்னவேயில் ரொட்டியும் பேக்கனும் தேயிலையும் ஏற்றிக்கொண்டு மேற்குக் கரையில் ஒன்பது ஊருக்குப் போவேன். கடைசி ஊரின் முதல் வீடு டார்க்கில் மாமாவுடையது. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. வாலிபத்தில் தென் கடலுக்குத் திமிங்கில வேட்டைக்குப் போனவர் என்பதால் ஊரில் அவருக்குத் 'திமிங்கிலம்' என்றே பெயர். எழுபத்தொன்பது வயது, கல்யாணம் கிடையாது, நாற்பது வருஷமாகக் கோயில் வாசலை மிதித்ததும் கிடையாது. இந்தக் கோடையைத் தாண்டினால் அதிசயம் என்று ஜனவரியில் டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு அடுத்த நாள் மாமா தானே வேன்வரை நடந்து வந்தார்.

"கென்னா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"பேக்கன் தீந்துபோச்சு மாமா. வெள்ளிக்கிழமை கொண்டாறேன்."

"பேக்கன் இல்லடி. என்னை மாதிரி ஆளுக்கு இன்னும் வழி இருக்கா?"

ஞானப்பாடக் கேள்வி பதில் நூற்றுச் சொச்சத்தையும் நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அன்றைக்கு என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "அதெல்லாம் போதகரைக் கேளுங்க மாமா." ரொட்டியைக் கையில் கொடுத்து, வேன் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டேன். மேசைக்கே போகாதவள் இன்னொருவருக்கு வழி சொல்வதா என்ற பயம். பக்தி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். ஒரு மனுஷன் நாற்பது வருஷம் கழித்து வாயைத் திறந்து கேட்கிறார், நான் அவரை இன்னொரு கடைக்கு அனுப்புவதுபோல அனுப்பிவிட்டேன். 

வெள்ளிக்கிழமை பேக்கனைக் கொடுத்த கையோடு சொன்னேன்: "அன்னிக்குக் கேட்டீங்களே மாமா. வழி இருக்கு."

அதற்குள் அவர் பழையபடி இறுகிப்போயிருந்தார். "உனக்கு யாரு சொன்னா? பேர்ப் பட்டியலைப் பாத்தியா?"

"நான் பாக்கல. போதகரும் பாக்கல. யாருமே பாக்காததாலதான் எல்லாருக்கும் சொல்லணும்."

"என் பேரு இருந்தா நீ சொல்லலைன்னாலும் உள்ள போவேன். இல்லேன்னா நீ தொண்டை கிழியக் கத்தினாலும் ஆகாது. அரை ரொட்டி குடுத்துட்டுக் கிளம்பு."

கிளம்பினேன். ஆனால் விடுவதாக இல்லை. இவர் கதவு சாத்தியாயிற்று என்று நினைத்துக்கொண்டே சாகக்கூடாது, அவ்வளவுதான் என் கணக்கு. செவ்வாய்க்கிழமை மறுபடியும் ஆரம்பித்தேன்.

"மாமா, கடல்ல எந்த இடத்துல திமிங்கிலம் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டா கப்பல் ஏறினீங்க?"

"தெரிஞ்சா எதுக்கு மாசக்கணக்குல சுத்துறோம்? கேப்டன் போகச் சொன்னான், போனோம்."

"எனக்கும் போகச் சொல்லியிருக்கு. வந்திருக்கேன்."

"அப்ப நான்தான் உனக்குத் திமிங்கிலமா?"

"ஊரே அப்படித்தானே கூப்பிடுது."

சிரித்துவிட்டார். சிரித்ததற்காக அடுத்த இரண்டு தடவை என்னோடு பேசவில்லை. நான் பேசினேன். வாரம் இரண்டு முறை, ஐந்து வாரம். 'உங்க தகுதியை யாரும் கேக்கல மாமா, தகுதி இருந்தா கிருபை எதுக்கு' என்று ஒரு நாள். 'கூப்பிடுறது அவர், வர்றதுக்குக் காலைக் குடுக்கிறதும் அவர்' என்று ஒரு நாள். மழையில் நனைந்துகொண்டு வேன் படியில் நின்று பேசுவேன். அடுத்த வீட்டுக்காரர்களுக்கு ரொட்டி தாமதமாகிறது என்று புகார் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆறாவது வாரம் அவரே சொன்னார். "எனக்கு முப்பத்தொன்பது வயசு. சபை மூப்பர்கள் முன்னாடி நின்னு, மேசைக்குப் போக அனுமதி வில்லை வாங்கிட்டேன். ஞாயித்துக்கிழமை சங்கீதம் பாடுறாங்க, எந்திரிச்சு மேசையைப் பாத்து நடக்கிறேன். பாதி வழியில கால் நின்னுபோச்சு. இவ்ளோ பெரிய பாவி அங்க போய் உக்காரலாமான்னு ஒரு நடுக்கம். திரும்பி நடந்து வெளிய வந்துட்டேன். ஊரே பாத்துச்சு. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு, அவருக்கு நான் வேணாம்னு."

"அது உங்க கால் சொன்னது மாமா. அவர் சொன்னதில்ல."

"நீ பேசாத. நான் பாதி வழியாவது போனேன். நீ பெஞ்சை விட்டே எந்திரிச்சதில்ல. தான் ஏறாத கப்பலுக்கு ஆள் கூப்பிடுறா பாரு."

எனக்குச் சுருக்கென்றது. உண்மை அதுதானே. வேனைத் திருப்பும்போது கூடவே இன்னொன்றும் புரிந்தது. அவருக்கு நான் சொன்ன ஒவ்வொன்றையும் முழுசாக நம்பித்தான் சொல்லியிருக்கிறேன். ஒரு பாவிக்கு வழி உண்டு என்று நம்புகிறவள், தான் மட்டும் அந்தப் பாவியில்லை என்று எப்படிச் சொல்வது? நடு ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்த டிராக்டர்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான்.

மார்ச் மாதம் எங்கள் ஊர்த் திருவிருந்து. வியாழன் முதல் திங்கள்வரை ஐந்து நாள் ஆராதனை. அந்தச் சனிக்கிழமை வில்லை கேட்டு மூப்பர்கள் முன் போகப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் ரோரி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"அங்க போய் என்ன சொல்லப்போற?"

"உண்மையைத்தான்."

"அப்ப சீக்கிரம் வந்துருவ. சூப்பை ஆறவிடாம வெக்கிறேன்."

வெள்ளிக்கிழமை கேள்வி நாள். மெய்யான விசுவாசிக்கு என்னென்ன அடையாளம் என்று ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து அனுபவம் சொல்வார்கள். வேற்றூர்ப் பெரியவர் ஒருவர், மூன்று வாரம் நரகத்தின் வாசலில் கிடந்தேன், பிறகு ஒரு வசனம் மின்னலாக வந்தது என்றார். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தேன். ஒரு அடையாளமும் எனக்குத் தேறவில்லை. ஆனாலும் போவது என்று முடிவு செய்தது முடிவு செய்ததுதான்.

சனிக்கிழமை மதிய ஆராதனை முடிந்ததும் பின்னறையில் நீள மேசை. போதகர் ஒருவர், மூப்பர்கள் நான்கு பேர். கேள்வி கேட்டவர் ஃபின்லே. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சு, என் சிலேட்டைப் பார்த்துக் கணக்கு எழுதியவன். இப்போது கறுப்புக் கோட்டும் மரியாதையுமாக இருந்தான்.

"மனமாற்றம் உங்களுக்கு எந்த நாள்ல நடந்துச்சு?"

"நாள் தெரியல."

"எந்த வசனம் வல்லமையா வந்துச்சு?"

"ஒண்ணைச் சுட்டிக்காட்ட முடியாது. டார்க்கில் மாமாவுக்கு ஆறு வாரமா சொல்லிக்கிட்டே இருந்தேன். வாங்க, வழி இருக்குன்னு. சொல்லச் சொல்ல எனக்கும் அது நெசம்னு தெரிஞ்சுபோச்சு."

ஒருவர் தொண்டையைச் செருமினார். ஃபின்லே பென்சிலைத் திருப்பித் திருப்பி வைத்தான். "அடுத்தவங்களுக்குச் சொல்றது வேற, தனக்குக் கிடைக்கிறது வேற. உங்க ஆத்துமாவுக்கு நல்லதுக்குத்தான் சொல்றோம். செப்டம்பர்த் திருவிருந்து வரைக்கும் பொறுத்துப் பாருங்களேன்."

போதகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான்கு தலைகளும் அசைந்துவிட்டன. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. மேசையைக் காப்பது அவர்கள் வேலை. எனக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் கோபம் தலைக்கேறியது. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்து, வேனுக்குள் உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்திரண்டு வயதுப் பொம்பளை, ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில், மூக்கு ஒழுக.

வீட்டில் திருவிருந்து விருந்தாளிகள் ஏழு பேர் சூப்புக்குக் காத்திருப்பார்கள். வண்டியை வீட்டுப்பக்கம் திருப்பப் போனேன். திருப்பவில்லை. என்னைத்தான் பொறு என்றார்கள். மாமாவுக்கு நான் சொன்னதைப் பொய் என்று யாரும் சொல்லவில்லையே. அவருக்கு செப்டம்பர் கிடையாது. மேற்கே ஓட்டினேன்.

மாமா கரி அடுப்புப் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூச்சு இரைத்தது.

"மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. திருப்பி அனுப்பிட்டாங்களா?"

"செப்டம்பர்ல வரச் சொன்னாங்க."

"நல்லாச் சிரிக்கலாம்னு இருந்தேன். வர மாட்டேங்குது." அடுப்புக் கரியைக் கிளறிவிட்டார். "இங்க எதுக்கு வந்த? வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழ வேண்டியதுதானே?"

"அழுதாச்சு. உங்களுக்கு வழி இருக்குன்னு சொல்லிட்டுப் போக வந்தேன்."

"உன்னையே வேணாம்னுட்டாங்க, இன்னும் அதையே சொல்றியா?"

"வில்லை அவங்க கையில இருக்கு மாமா, குடுக்கலாம், குடுக்காம இருக்கலாம். கூப்பிடுறது அவங்க கையில இல்ல. நாளைக்கும் கோயிலுக்குப் போவேன், செப்டம்பர்லயும் அவங்க முன்னாடி போய் நிப்பேன். செத்தாத்தான் விடுவேன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். இத்தனை வாரமும் நான் கரையில் நின்றுகொண்டு பேசுகிறேன் என்று நினைத்திருப்பார் போல. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு நான் திரும்பி நடந்தேன்ல. நடையில அந்தக் கோடிவரைக்கும் வந்தேன். நானூறு பேரு. ஒருத்தராவது கையைப் பிடிச்சு, 'எங்க போற, மேசை அந்தப்பக்கம்'னு சொல்லுவாங்கன்னு பாத்துக்கிட்டே வந்தேன். யாரும் சொல்லல. அதான் அவரோட பதில்னு எடுத்துக்கிட்டேன்."

 சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொன்னேன். "எனக்கு அப்ப பன்னெண்டு வயசு மாமா. நடையோரம் உக்காந்திருந்தேன். நீங்க வர்றதைப் பாத்து, காலை மடக்கி உங்களுக்கு வழி விட்டேன்."

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். பிறகு கம்பளியைத் தள்ளினார். "மணி என்ன?"

"மூணே கால்."

"நாலு மணிவரைக்கும் மூப்பர்கள் இருப்பாங்கல்ல? என் கோட்டை எடு."

கோட்டுக்குள் அவரை நுழைக்கவே பத்து நிமிஷம் ஆயிற்று. வேன் முன்சீட்டில் ஏற்றி, முட்டைத் தட்டைப் பின்னால் தள்ளிவைத்து, என் வாழ்நாளில் ஓட்டாத வேகத்தில் ஓட்டினேன். வழியெல்லாம் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தார். 

கோயிலின் பின்னறைக்குப் போகும் நடை குறுகல். இரண்டு பேர் பக்கம் பக்கமாக நடக்க முடியாது. அவர் முன்னால், நான் பின்னால். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. கதவுக்கு ஆறு அடி இருக்கும்போது கால் நின்றுவிட்டது. கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டார். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"முடியல கென்னா. வழி விடு."

"விட மாட்டேன்."

"வழி விடுடி. எனக்குத் தகுதி இல்ல."

"எனக்கும்தான் இல்ல. எங்க போறீங்க மாமா? மேசை அந்தப்பக்கம்."

திமிங்கிலக் கப்பலில் கற்ற ஒரு வசவைக் கோயிலுக்குள்ளேயே சொன்னார். நான் இரண்டு கையையும் இரண்டு சுவரிலும் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கண் கலங்கியிருந்தது, என்னுடையதும்தான்.  பிறகு அவர் திரும்பி, அந்த ஆறு அடியையும் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, தட்டாமலே கதவைத் தள்ளினார்.

உள்ளே பேச்சு நின்றது. "டார்க்கில் ஐயா!" என்று ஃபின்லேயின் குரல். அதைத் தொடர்ந்து, அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம்.