பட்டன் டப்பாவில் ஒரு மரம்

"இத உனக்கு யாரு எழுதிக் குடுத்தா?"

பத்தாம் வகுப்பில், நாற்பத்தோரு பேர் முன்னால், கட்டுரை நோட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு டீச்சர் கேட்ட கேள்வி அது. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பேனா தொலைந்துபோனால் யார் எடுத்தது என்று கேட்பார்களே, அந்த மாதிரி சாதாரணமாகக் கேட்டார். 'நான்தான் டீச்சர்' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அந்த இரண்டும் தொண்டை வரை வந்து, அங்கேயே குந்தி உட்கார்ந்துகொண்டன. அவள் டீச்சரின் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். இடது செருப்பின் வார் நூல் பிரிந்திருந்தது. "சொல்ல மாட்டேங்கிறாள்னா என்ன அர்த்தம்?" என்று டீச்சர் வகுப்பைப் பார்த்துக் கேட்டார். வகுப்பு சிரித்தது.

தலைப்பு, 'ஒரு மரம் தன் கதையைக் கூறுகிறது.' மற்ற நாற்பத்தோரு பேரும் 'நான்தான் மரம் பேசுகிறேன்' என்று ஆரம்பித்திருந்தார்கள். அவள் மட்டும் மரத்தைப் பேச விடவில்லை. பள்ளிக்கூட வாசலில் நிற்கும் குல்மொகர் மரத்தடியில் உட்கார்ந்து எண்ணியதை எழுதியிருந்தாள். தொங்கும் காய் எத்தனை, மணி அடித்தால் பறக்கும் பறவை எத்தனை, அடிமரத்தில் காம்பஸ் முனையால் கீறிய பெயர்கள் எத்தனை, அதில் பாதி எழுத்தோடு நின்றுபோனவை எத்தனை.

அன்று சாயங்காலம் மரத்தடியில் கிடந்த ஒரு காயை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தவள்தான், திரும்பிப் போகவில்லை. முதல் வாரம் வயிற்று வலி. அடுத்த வாரம் தலை சுற்றல். அதற்கப்புறம் "பிடிக்கல." அம்மா கெஞ்சினாள், இன்ச் டேப்பால் இரண்டு வைத்தாள், அழுதாள், கடைசியில் "எப்படியோ போ" என்று ஒரு பெட்டி நிறைய சட்டைகளை அவள் முன்னால் தள்ளிவிட்டாள். அம்மா தைப்பது பள்ளிச் சீருடை. இரண்டு வருடமாக அவள் அதற்குப் பட்டன் வைக்கிறாள். காரணம் இன்னதென்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. திருட்டு எழுத்து என்று பெயர் வாங்கியதை அம்மாவிடம் சொல்வதைவிட, படிப்பு ஏறவில்லை என்ற பெயரே மேல் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்தக் காய் பையிலேயே கிடந்தது. போன வருடக் கடைசியில் துணி வெட்டுத் துண்டுகளைப் போட்டுவைக்கப் பை தேடியபோது பரண் மேலிருந்து அகப்பட்டது. வாள் மாதிரி நீளம், கன்னங்கரேல் என்று. ஆட்டினால் கலகலவென்று சத்தம். உடைத்தால் உள்ளே பூச்சி அரிக்காமல் ஏழு விதை.

மரத்தைத் தட்டில் வளர்க்கலாம் என்ற யோசனை ஒரு சட்டைக் கையிலிருந்து வந்தது. அம்மா பழைய வாரப் பத்திரிகைகளைத்தான் அளவுத் தாளாக வெட்டி வைப்பாள். எட்டாம் வகுப்பு அரைக்கைச் சட்டையின் கைத் துண்டில் போன்சாய் பற்றிய ஒரு கட்டுரை இருந்தது. நடுவில் படம்: ஒரு சாண் உயர மரம், தட்டையான தொட்டி, கிழவன் கைபோல முண்டு முண்டாக வேர். வயது முப்பது என்று கீழே போட்டிருந்தது. கை வளைவாக வெட்டியிருந்ததால் வாக்கியங்கள் எல்லாம் வலது ஓரத்தில் அந்தரத்தில் தொங்கின. 'விதையின் தோலைச் சற்றே கீறி வெந்நீரில் ஒரு.' ஒரு என்ன? ஒரு மணியா, ஒரு நாளா? 'மாலையில் இலைகள் மூடிக்கொண்டால் உடனே.' உடனே என்ன செய்ய? மிச்சக் கட்டுரை காலர் துண்டில் போயிருக்க வேண்டும். அந்தக் காலர் தாள் கிழிந்துபோய் அடுப்புக்கும் போயாயிற்று.

அண்ணனின் நகவெட்டியால் விதைகளைக் கீறி, டம்ளரில் வெந்நீர் ஊற்றிப் போட்டாள். டயர் கடையிலிருந்து தாகத்தோடு வந்த அண்ணன் அதை எடுத்து வாயில் கவிழ்த்தான்.

"தூ! என்னம்மா இது, கல்லு கடிபடுது?"

அவள் ஓடிவந்து தரையில் கிடந்ததைப் பொறுக்கினாள். ஏழும் இருந்தது.

"விதையா? நான் முழுங்கியிருந்தா காதுல கிளை விட்டிருக்குமே! வாயத் தொறந்து சொல்றியா, ஊமக்கோட்டான்?"

தட்டையான தொட்டிக்கு அவளிடம் இருந்தது பட்டன் டப்பாதான். தகரம், கையகல ஆழம். பட்டன்களை ஒரு துணிப்பையில் கொட்டிவிட்டு அதில் மண் நிரப்பினாள். அடியில் ஓட்டை போட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அதுவும் காலரில் இருந்திருக்கும். எட்டாம் நாள் ஐந்து விதை முளைத்தது. பின்பக்க பால்கனியில், துணி காயும் கொடிக்குக் கீழே, ஐந்து தீக்குச்சிகள். உச்சியில் இறகு மாதிரி இலை. அவள் குனிந்து பார்த்தபோது மூச்சுக்காற்று படாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதல் நாள் சாயங்காலமே ஐந்தின் இலைகளும் கூப்பிய கை மாதிரி ஒட்டிக்கொண்டு தொங்கின. வாடிவிட்டது என்று ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினாள். காலையில் எல்லாம் விரிந்திருந்தது. நல்லவேளை, ஊற்றினோம் என்று நினைத்தாள். மறுநாள் சாயங்காலமும் மூடியது, மறுபடி ஊற்றினாள். இப்படிப் பன்னிரண்டு நாள். பதின்மூன்றாம் நாள் ஒன்று அடித்தண்டு அழுகிச் சாய்ந்தது. அடுத்த வாரத்துக்குள் இன்னும் மூன்று. ஒவ்வொன்று சாயும்போதும் பயந்துபோய் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள்.

ஒருநாள் அவசர வேலை. நூற்றிருபது சட்டைக்குப் பட்டன். சாயங்காலம் பால்கனிப் பக்கம் போகவே முடியவில்லை. காலையில் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தால், தண்ணீரே ஊற்றாத அந்தக் கடைசிச் செடி இலையை விரித்துக்கொண்டு நிற்கிறது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இதையெல்லாம் அவள் எழுதி வைத்தாள். தனி நோட்டு வாங்கினால் எதற்கு என்று கேட்பார்கள். அம்மாவின் அளவு நோட்டின் பின்பக்கத்திலிருந்து, அதைத் தலைகீழாகத் திருப்பி, பொடி எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். முன்னாலிருந்து அம்மா எழுதும் பிள்ளைகளின் தோள், மார்பு, உயர அளவுகள் வரும். பின்னாலிருந்து அவளுடைய இலைக் கணக்கு வரும். அளவு நோட்டைப் பின்னாலிருந்து திறக்க யாருக்கு என்ன வேலை?

அப்படி இருக்கையில்தான் அம்மா ஒரு புதன்கிழமை முகமெல்லாம் பல்லாக வந்தாள்.

"உங்க ஸ்கூல் ஆர்டர் மொத்தமும் நமக்கே வரும்போல இருக்குடி. அளவெல்லாம் சரியான்னு பாக்க சனிக்கிழமை சாயங்காலம் வராங்களாம். யாரு தெரியுமா? உன்னோட கட்டுரை டீச்சர்! உன்ன ஞாபகம் வெச்சிருப்பாங்கல்ல?"

அவள் பட்டனுக்குப் பதில் விரலில் ஊசியை ஏற்றிக்கொண்டாள்.

மூன்று நாளும் சோறு இறங்கவில்லை. டீச்சர் வருவார். 'உங்க பொண்ணா? அடடா, யாரோ எழுதிக் குடுத்ததக் கொண்டாந்து வெச்சாளே, அவளா?' என்று கேட்பார். சிரித்துக்கொண்டேதான் கேட்பார். அம்மா இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடி நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அம்மா அடிக்க மாட்டாள். அதுதான் பயமாக இருந்தது. 'இதுக்காகவா என்கிட்ட ரெண்டு வருஷம் பொய் சொன்ன?' என்று மட்டும் கேட்பாள்.

கையை எதிலாவது செலுத்தாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது. 'ஆணிவேரை வெட்டினால்தான்' என்று ஒரு வரி கைத் துண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டினால்தான் என்ன ஆகும் என்பது போன இடம் தெரியவில்லை. ஆனால் வெட்டச் சொல்கிறார்கள் என்பது நிச்சயம். வியாழக்கிழமை அண்ணனைக் கெஞ்சி டப்பாவின் அடியில் ஆணியால் எட்டு ஓட்டை போடவைத்தாள்.

"முப்பது வருஷம் கழிச்சு இதுல ஊஞ்சல் கட்டு. எறும்புக்கு வாடகைக்கு விடலாம்" என்றான் அவன். ஆனாலும் ஓட்டைகளின் ஓரத்தை அரம் வைத்துத் தேய்த்துக் கொடுத்தான்.

செடியைப் பிடுங்கி எடுத்தாள். வேர் அவள் நினைத்ததைவிட நீளம். டப்பாவின் அடியை ஒருமுறை சுற்றியிருந்தது. நூல் வெட்டியை எடுத்து, கண்ணை மூடாமல், பாதியில் வெட்டினாள். நறுக்கென்று ஒரு சின்னச் சத்தம். புது மண்ணில் வைத்து அழுத்தினாள். வெள்ளிக்கிழமை பகலிலேயே இலைகள் துவண்டிருந்தன. சனிக்கிழமை காலையில் பாதி நிமிர்ந்த மாதிரி இருந்தது. மாதிரிதான்.

நோட்டிலிருந்து அவள் பக்கங்களைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தாள். நடுவில் நூல் கோத்த நோட்டு. பின்னால் ஒரு தாளைக் கிழித்தால் முன்னால் அதன் ஜோடித் தாள் கழன்று வரும். ஆறாம் வகுப்பு மொத்தமும் அதில் இருந்தது. வேறு வழி தெரியாமல் பின்பக்கத் தாள்களைச் சேர்த்து மூன்று குண்டூசி குத்தி மூடினாள்.

டீச்சர் நாலரை மணிக்கு வருவதாகச் சொல்லி ஆறு மணிக்கு வந்தார். அவள் உள்ளறையில், தைத்த துணிகள் தொங்கும் கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். இரண்டு சட்டைகளுக்கு நடுவே டீச்சரின் பாதி முகம் தெரிந்தது. மூக்குக் கண்ணாடி புதிது. சாயம் போட்ட தலைமுடியின் வகிட்டில் வெள்ளை.

"மூணாவது மாடியா? ஏறி வர்றதுக்குள்ள மூச்சு முட்டுது" என்றார்.

"உக்காருங்க டீச்சர். ஃபேன் கொஞ்சம் மெதுவாத்தான் சுத்தும். ஸ்பீடு வெச்சா துணியெல்லாம் பறக்கும்" என்றாள் அம்மா.

டீச்சர் நோட்டை வாங்கி, கூட வைத்திருந்த பட்டியலோடு ஒப்பிட்டு, சிவப்புப் பேனாவால் டிக் அடித்துக்கொண்டே போனார். ஆறாம் வகுப்பு முடிந்தது. ஏழு, எட்டு முடிந்தது. "கச்சிதமா இருக்குங்க" என்றார். கம்பிக்குப் பின்னால் அவள் மூச்சை விட்டாள்.

மூடிய நோட்டை டீச்சர் திருப்பினார். முப்பது வருடப் பழக்கம். எந்தப் பிள்ளையின் நோட்டைத் திருத்தினாலும், கடைசியில் பின்பக்கத்தைத் திறந்து என்ன கிறுக்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தருவார். அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் எப்படி மறந்தாள்?

"என்ன, ஊசி குத்தி வெச்சிருக்கீங்க?"

"ஐயோ, பாத்து டீச்சர், கையில ஏறிடப் போவுது. தையக்காரி வீட்ல ஊசி எங்க வேணா இருக்கும்" என்று அம்மா சிரித்தாள்.

டீச்சர் ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினார். படித்தார். ஒரு பக்கம் திருப்பினார். இன்னொரு பக்கம். சுற்றும் விசிறியில் தாள் ஓரம் படபடத்தது. கட்டை விரலால் அழுத்திக்கொண்டார். கம்பிக்குப் பின்னால் இருந்தவளுக்கு எந்தப் பக்கம் என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. 'இலை பதினொன்று. துணிக்கொடியிலிருந்து விழுந்த துளி மூன்று. நான் ஊற்றவில்லை. அது வாடவே இல்லை. சாயங்காலமானால் தூங்குகிறது, அவ்வளவுதான். தூங்கின நாலு பேரை எழுப்பி எழுப்பித் தண்ணீர் கொடுத்துக் கொன்றது நான்.'

"இத யாரு எழுதினது?" என்று டீச்சர் கேட்டார்.

அதே கேள்வி இல்லை. ஆனால் அவள் காதுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

"எது டீச்சர்? கிறுக்கி வெச்சிருக்காளா? என் பொண்ணுதான். தப்பா நெனச்சுக்காதீங்க, புது நோட்டு போட்டுத் தரேன். ஏய், இங்க வா!"

"வர மாட்டா" என்றான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அண்ணன். "கோட்டான் வெளிய வர நேரம் இன்னும் ஆகல."

அவள் வந்தாள். எப்படி வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று பால்கனியிலிருந்து டப்பாவை எடுத்து இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். டீச்சர் அவளைப் பார்த்தார். முகம், டப்பா, மறுபடி முகம். கண்ணாடியைக் கழற்றினார். ஞாபகம் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

"நான்தான் டீச்சர்."

குரல் கரகரவென்று யாரோ மாதிரி இருந்தது. நிறுத்தினால் இன்னொரு இரண்டு வருடம் ஆகும் என்று தோன்றியது.

"அன்னைக்கு எழுதினதும் நான்தான். யாரும் குடுக்கல."

"என்னைக்கு? எத?" என்றாள் அம்மா. மகளைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். "என்னடி சொல்ற? டீச்சர், இவ என்ன சொல்றா?"

டீச்சரின் விரலிடுக்கில் சிவப்புப் பேனா இருந்தது. அதன் முனை கடைசிப் பக்கத்தின் மேல், ஒரு நெல் உயரத்தில், வெகுநேரம் நின்றது. பிறகு மூடியைப் போட்டார். மேசையில் கிடந்த மூன்று குண்டூசிகளையும் எடுத்து, பழைய ஓட்டைகளைத் தேடி, ஒவ்வொன்றாக அதே இடத்தில் குத்தினார். மூன்றாவதற்கு ஓட்டை அகப்படக் கொஞ்சம் நேரமானது. நோட்டை மேசையில் வைத்தார். பட்டியலை மடித்துப் பையில் வைத்தார். எழுந்து அவளிடம் வந்து, டப்பாவுக்குள் குனிந்து பார்த்தார். இலைகள் மூடியிருந்தன. மாலை ஆகிவிட்டதாலா, வேர் பிடிக்கவில்லையா என்று யாராலும் இப்போது சொல்ல முடியாது. டீச்சரின் மூச்சுப் பட்டு இலை அசைந்தது. சட்டென்று அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"டீச்சர், ஆர்டர்..." என்றாள் அம்மா.

டீச்சர் செருப்பை மாட்டினார். அண்ணன் ஒதுங்கி வழிவிட்டான். படிகளில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது. அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்; அவள் டப்பாவைப் பார்த்துக்கொண்டு காதால் படிகளை எண்ணினாள். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. இரண்டாம் மாடித் திருப்பத்தில் சத்தம் நின்றது. விசிறி சுற்றியது. கம்பியில் சட்டைகள் அசைந்தன. அப்புறம், மெதுவாக, பதினான்கு.