எத்திராஜ் காருக்கு பிரேக் தட்டு மாற்றியது

உத்திரமேரூர் எத்திராஜின் கறுப்பு கார் நிறுத்தச் சொன்ன ஊரில் நிற்காது, அதற்கு அடுத்த ஊரில்தான் நிற்கும். காஞ்சிபுரம் என்றால் ஏனாத்தூர். சொந்த ஊருக்குத் திரும்பினால் மானாம்பதி. அங்கிருந்து ஒரு ஜோடி மாட்டைக் கட்டி இழுத்து வர வேண்டும். மாடுகள் சொன்ன இடத்தில் நின்றன. எழுபத்திரண்டாம் வருஷம் வண்டியைப் பழசாக வாங்கியபோது இந்தக் குறை ஒரு தெரு நீளந்தான் இருந்தது. சக்கரத்துக்குள் இருக்கிற பிரேக் டிரம் தேயத் தேய அது ஏரிக்கரை வரைக்கும் நீண்டு, எமர்ஜென்சி முடிந்த வருஷத்தில் அடுத்த ஊரையே தொட்டுவிட்டது. எத்திராஜ் முன்கூட்டியே மிதித்துப் பார்த்தான், பலனில்லை. காஞ்சிபுரம் போகிற நாளில் அதற்கு முந்தின ஊரின் பேரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஓட்டியும் பார்த்தான். இத்தனை வருஷம் கூடவே ஓடின வண்டிக்கு ஓட்டுகிறவன் மனசு தெரியாதா? நேரே ஏனாத்தூர் போய் நின்று புகை விட்டது. ஒன்று சொல்ல வேண்டும், இத்தனை ஓட்டத்தில் ஒரு கோழிக்குஞ்சு கூட அடிபட்டதில்லை. குறுக்கே வந்தவர்களை வண்டி மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போனது.

ஊர்க்காரர்கள் இதற்குப் பழகிப்போனார்கள். ஏனாத்தூரில் இறங்கி டவுன் பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் வந்து சேர்ந்தார்கள். பெண் பார்க்கக் கிளம்பின கோஷ்டிகள் வேறு ஊரில் போய் இறங்கி, வந்ததுதான் வந்தோம் என்று அங்கேயே பார்த்து முடித்த சம்பந்தங்கள் உண்டு. அதில் ஒன்றும் சோடை போகவில்லை. எத்திராஜின் சம்பந்தமே அப்படித்தான். வேறு ஊரில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனவனை வண்டி புள்ளலூரில் கொண்டுபோய் விட, அங்கே களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த சாமுண்டீஸ்வரி, முறத்தைக் கீழே வைக்காமலே, "இன்னாய்யா, வயி தவறிப் பூட்டியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. அந்த ஐப்பசியிலேயே கல்யாணம் ஆகிவிட்டது.

அதுவரை சிரிப்பாகத்தான் போனது. சாமுண்டீஸ்வரியின் முதல் பிரசவத்துக்கு வண்டி காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரியின் வாசலைத் தாண்டிப் போனது. இரண்டாவதுக்கும் தாண்டிப் போனது. இரண்டு பிள்ளைகளும் ஏனாத்தூர் சாலையில் பிறந்து, அழாமலே போய்விட்டன. பஸ்ஸில் போயிருக்கலாமே என்று இப்போது கேட்பது சுலபம். வலி பஸ் நேரம் பார்த்து வருவதில்லை. எத்திராஜ் அதற்குப் பிறகு வண்டியைத் துடைப்பதையே விட்டுவிட்டான், சாமுண்டீஸ்வரி அதன் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டாள். எண்பதில் அவள் மூன்றாம் முறையாக முழுகாமல் இருந்தபோதுதான் எத்திராஜ் மாட்டைப் பூட்டி, வண்டியை மெக்கானிக் தானியேலின் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

தானியேல் வாயாடி. ஸ்பேனரைத் தொடுகிற நேரத்தைவிட அதை ஆட்டி ஆட்டிப் பேசுகிற நேரம் அதிகம். "டிரம்ம கடைசல் புடிச்சி மாட்டினா ஆறு மாசம் வரும் நைனா, அப்பால மறுபடியும் ஏனாத்தூர்தான். இப்ப சீமைக் காருங்களுக்குத் தட்டு போடறான். டிரம்முன்னா மூடி போட்ட குண்டான், உள்ள இன்னா நடக்குதுன்னே தெரியாது. தட்டு தொறந்த மேனிக்கு கீது, ரெண்டு பக்கமும் கட்டை வந்து கவ்வும், கிடுக்கிப்பிடி" என்றான். மறுநாளே சென்னைக்குப் பஸ் ஏறி, புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, மூன்று ஜோடித் தட்டுகளைக் கோணியில் கட்டிக்கொண்டு வந்தான். ஒன்று வெறும் தட்டு. இரண்டாவது இடியாப்ப அச்சு மாதிரி முழுக்க ஓட்டை போட்டது. சூடு தங்காமல் காற்று உள்ளே புகுந்து போகும் என்றான். மூன்றாவது பந்தயக் காருடையது, பெரிய தாம்பாளம் அளவு, கறுத்துக் கனத்துக் கிடந்தது.

"பெருசையே போட்டுடு" என்றான் எத்திராஜ். நிற்காத வண்டியை இத்தனை வருஷம் ஓட்டினவன் வேறு என்ன சொல்வான்?

சாமுண்டீஸ்வரி நிறைமாத வயிற்றோடு கொட்டகைக்கு வந்து சேர்ந்தாள். யார் எதைச் சொன்னாலும் தட்டிப் பார்க்காமல் ஒரு பானை கூட வாங்காதவள். சந்தையில் செய்கிற மாதிரியே ஒவ்வொரு தட்டையும் ஒரு விரலில் தொங்கவிட்டு, மறு கை விரலை மடக்கிச் சுண்டினாள். முதல் தட்டு 'டங்' என்றது. கூரைமேல் கத்திக்கொண்டிருந்த காக்கை வாயை மூடியது, அவ்வளவுதான். ஓட்டைத் தட்டு நீளமாகப் பாடியது. அந்த ஓசை அடங்கும் வரை எதிரே டீக்கடையில் ஆற்றிக்கொண்டிருந்த டீ, இரண்டு டம்ளருக்கும் நடுவே கயிறு கட்டினாற்போல் நின்றது. தெருவைத் தாண்டின நாய் நான்கு காலும் தரையில் படாமல் நின்றது. தெருவில் மனிதர்கள் வாய் திறந்தபடி நின்றார்கள், தட்டுக்குப் பக்கத்தில் இருந்த மூவர் மட்டும் நிற்கவில்லை. ஓசை அடங்கியதும் எல்லாம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. "சொன்னேனில்ல, நல்ல சரக்கு" என்றான் தானியேல்.

பெரிய தட்டை அவளால் தூக்க முடியவில்லை, எத்திராஜ் பிடித்துக்கொள்ள அவள் சுண்டினாள். காக்கை, டீ, நாய் எல்லாம் நின்றன. அவள் வயிற்றில் காலையிலிருந்து உதைத்துக்கொண்டிருந்த பிள்ளையும் நின்றது. அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்திராஜ் தட்டைக் கோணிக்குள் திணித்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்து ஓசையை அடக்கின பிறகுதான் மறுபடியும் ஒரு உதை விழுந்தது.

"இது வோணாம்யா" என்றாள். "வெளிய கீறதெல்லாம் நின்னா நிக்கட்டும். உள்ள கீறது நிக்கக் கூடாது. அந்த ஓட்டை போட்டதையே மாட்டச் சொல்லு."

பழைய வண்டிக்குப் புதுத் தட்டு லேசில் உட்காரவில்லை. தானியேல் அரத்தால் ராவியும் ஆப்பு வைத்தும், புரட்டாசி முழுக்க வேதக்கார சாமியையும் இந்து சாமியையும் மாறி மாறித் திட்டியும் மாட்டி முடித்தபோது ஆயுத பூஜை வந்துவிட்டது. வண்டியை முதல்முறையாகச் சொந்த வாசலில், சொன்ன இடத்தில் எத்திராஜ் நிறுத்தினான். தெருவும் கூடவே நின்று, அவன் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் நகர்ந்தது. சூரியன் மட்டும் இதற்கெல்லாம் கட்டுப்படவில்லை, அது பாட்டுக்குப் போனது.

அவன் அக்காள் ஆண்டாளம்மாள் அருவாள், மண்வெட்டி, படி, மரக்கால் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துவிட்டு வண்டிக்கு வந்தாள். டிரம்மாக இருந்தவரை உள்ளே கை எட்டாது. இப்போது சக்கரத்துக்குப் பின்னால் தட்டு பளபளவென்று தெரிந்தது. புது இரும்பைச் சும்மா விடுவாளா? துருப் பிடிக்காமல் இருக்க நல்லெண்ணெயைத் தாராளமாகத் தடவி, அதன்மேல் சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமமும் வைத்தாள். கற்பூரம் காட்டி முடிப்பதற்குள் சாமுண்டீஸ்வரிக்கு வலி கண்டது. படைத்த ஆயுதத்தை மறுநாள் வரை எடுக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சட்டம் சொல்கிறவள் ஆண்டாளம்மாள்தான். அவளே, "சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ வண்டிய எடுடா" என்று கதவைத் திறந்து பின்னால் ஏறினாள்.

காஞ்சிபுரத்தில் தெருவுக்குத் தெரு பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசல் வந்தது. எத்திராஜ் மிதித்தான். வண்டி நிற்கவில்லை. சந்தன வாசனை கமகமவென்று எழுந்தது, வாசல் கடந்து போனது, வண்டி பழைய ஞாபகத்தில் ஏனாத்தூர் பக்கம் மூக்கைத் திருப்பியது.

"நல்லெண்ணெ தடவுனேன்டா எத்திராஜு, துரு புடிக்கக் கூடாதுன்னு" என்று ஆண்டாளம்மாள் பின்னாலிருந்து அழுதாள். அவளைத் திட்டக் கூட எத்திராஜுக்கு நேரமில்லை. ஏனாத்தூர் சாலையின் புளியமரங்கள் ஒவ்வொன்றும் அவனுக்குத் தெரிந்த மரங்கள். இந்த முறையுமா என்று அவன் வாய்விட்டே கேட்டான். மிதித்தான், விட்டான், மிதித்தான். தட்டில் எண்ணெய் வடைச்சட்டி போலப் பொரிந்தது, சந்தனம் கருகிச் சாம்பிராணிப் புகையாக வந்தது. பாதிச் சாலையில் ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியைத் திருப்பிக்கொண்டு, எண்ணெய் முழுதும் தீயும்வரை மிதித்துக்கொண்டே வந்து, ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு காலாலும் பிரேக் மேல் ஏறி நின்றான்.

வண்டி நின்றது. காஞ்சிபுரமும் நின்றது. உடைத்த பூசணிக்காயின் சில்லுகள் அந்தரத்தில் நின்றன, ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்த நர்சு ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். சாமுண்டீஸ்வரியின் வலியும் நின்றது. பிள்ளை மட்டும் உள்ளே உதைத்துக்கொண்டிருந்தது.

எத்திராஜ் காலை எடுக்கவில்லை. நிற்க வேண்டும், நிற்க வேண்டும் என்று இத்தனை வருஷம் ஏங்கினவனுக்கு, நின்றபின் விடப் பயமாக இருந்தது. விடாதவரை எதுவும் ஆகாது. கண்ணீர் மூக்கோரமாக இறங்கியது. தெருவின் இந்த ஓரத்தில் கிடந்த நிழல்கள் மெல்ல மறு ஓரத்துக்கு நகர்ந்தன.

"யோவ்" என்றாள் சாமுண்டீஸ்வரி. "காலை எடுய்யா."

"எடுத்தா?"

"எடுத்தா பொறக்கும்."

"ரெண்டு வாட்டி பார்த்துட்டேன் சாமுண்டி. என்னால ஆவல."

"நான் மட்டும் பாக்கலியா? இது உதைச்சிக்கினு கீதுய்யா, வெளிய வரணும்ங்குது. எம்மா நேரம் இப்பிடியே குந்திக்கினு இருக்கறது?" அவன் தோளில் கை வைத்தாள். "எடு."

அவன் காலை எடுத்தான். பூசணிக்காய்ச் சில்லுகள் விழுந்தன, நர்சின் கால் தரையில் பட்டது, வலி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டி உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் பிள்ளை பிறந்து, தெருவுக்கே கேட்கும்படி அழுதது.

வெளியே, மத்தியானம் பூசணிக்காய் உடைக்க ஆரம்பித்த கடைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தால் பொழுது இறங்கியிருந்தது. பூஜை நாளில் நேரம் போவதே தெரிவதில்லை என்று சொல்லிக்கொண்டு விளக்கை ஏற்றினார்கள்.