துலுக்கானத்தின் வலது கை

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை முகப்பேர் டீக்கடையில் எனக்கு ஓசியில் கிடைத்தது. மருந்தேற்றும் ஊசிக்குழாய் கையில் ஒட்டியிருக்க, ஒருவர் மசால்வடை தின்றுகொண்டிருந்தார்.

"இன்னாண்ணே, ஆஸ்பத்திரிலேர்ந்து ஓடியாந்துட்டியா?" என்று கேட்டார் டீ மாஸ்டர்.

"நாளிக்கும் மருந்து ஏத்தணும்பா. தெனம் யார் குத்திக்கினு கீறது? அதான் அப்டியே வுட்டு வெச்சிக்கீறாங்கோ."

அவருக்குத் துலுக்கானம் என்று பெயர் வைத்தேன். அயனம்பாக்கத்தில் வீடு கொடுத்தேன். அவர் காலை இரும்புத் தகட்டில் கிழித்துச் சீழ் பிடிக்க வைத்தேன். (கதைக்குத் தேவைப்பட்டது, மன்னிக்கவும்.)

2.
துலுக்கானம் மண்டபத்துக்குள் கம்பீரமாக நுழைந்

(எங்கே? நொண்டிக்கொண்டுதான் வருவார்.)

அக்கா கெங்கம்மாளின் மகள் நிஷாவுக்கு மஞ்சள் நீராட்டு. அவர்கள் குடும்பத்தில் தாய்மாமன்தான் அண்டாவில் மொண்டு முதல் சொம்புத் தண்ணீரை ஊற்ற வேண்டும், அதுவும் வலது கையால். ஊசி இருப்பதும் வலது கையில். அண்டாவிலோ ஆளாளுக்குக் கைவிட்டு மஞ்சள் கரைத்திருக்கிறார்கள். கட்டு நனைந்தால் கிருமி குழாய் வழியாக ரத்தத்தில் இறங்கும், உயிருக்கே ஆபத்து என்று நர்ஸ் பானுப்பிரியா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்.

இதென்ன பிரமாதம், எழுதுகிறவன் நான்தானே? ஊசி இருந்த 'வலது கை'யை அடித்துவிட்டு 'இடது கை' என்று எழுதினேன்.

3.
கதைக்குள்ளிருந்து பானுப்பிரியா நிமிர்ந்து பார்த்தார்.

"சார், கழட்டின ஊசியையே அந்தக் கைல குத்தினீங்களா?"

"ஒரே ஒரு வார்த்தைதான் சிஸ்டர்..."

"கை கழுவுனீங்களா? குத்துற எடத்தத் தொடச்சிக் காய வுட்டீங்களா? அந்தக் கைல நரம்பே கெடைக்காமதான் நான் வலது கைல போட்டேன். சும்மா சும்மா கழட்டி மாட்டுனா கிருமி வராம இன்னா வரும்?"

பேனாவை முகர்ந்தேன். மசால்வடை வாசனை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, புதுப் பேனாவால் பழையபடி 'வலது' என்றே எழுதினேன்.

4.
முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன்.

வலது கையால் ஊற்றுகிறார். மறுநாள் குளிர்ஜுரம் தூக்கிப் போட, துலுக்கானத்தை ஆட்டோவில் ஏற்

(வேண்டாம். மனுஷன் எனக்குப் பிடித்துப்போய்விட்டார்.)

இடது கையால் ஊற்றுகிறார். "பீச்சாங்கையாலயா?" என்று நாத்தனார் கேட்க, கெங்கம்மாள் சபை நடுவே அழு

(இதுவும் வேண்டாம்.)

ஆக, இப்போது நிலவரம் இதுதான். துலுக்கானம் ஒரு சொட்டும் தெறிக்காதபடி வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, இடது கையில் சொம்போடு நிற்கிறார். அவருக்கு உயிர்ப் பயம் இருக்கிறது. அதைவிட அக்காவின் முகத்தைப் பார்க்கத்தான் அதிகப் பயம்.

"மாமா, அந்தக் கையாலயே ஊத்து. நீ நல்லா இருந்தா போதும் எனக்கு" என்கிறாள் நிஷா.

கூட்டம் மொத்தமும் கெங்கம்மாளைத் திரும்பிப் பார்க்கிறது. கெங்கம்மாள் வாயைத் திறக்கிறாள். அவள் என்ன சொன்னாள் என்று எழுத எனக்குத் தைரியமில்லை. நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். தண்ணீர் விழப்போகிறது என்று நிஷா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுவிட்டாள்.