தங்கச்சி நம்பர்

"மறுபடியும் யாரோ எடுத்துத் திட்டுறாரும்மா! இனிமே சித்திக்கு நீ போன் அடிக்கவே வேணாம்!"

"நம்பர் சரிதான்டி! தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

"கிழிச்ச! மூளை குழம்பிப் போச்சுன்னு ஒத்துக்கவே மாட்டியா?"

நானொன்றும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கவில்லை. என் அடுப்பு அவர்கள் சுவரை ஒட்டி இருக்கிறது, என்ன செய்ய?

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தே ஓய்வு பெற்றவர். தெருவுக்கே எக்ஸ்சேஞ்ச் அக்கா. மூளை துருப்பிடிக்கக் கூடாதாம். போனில் ஒரு நம்பரையும் பதிந்துவைக்க மாட்டார். சாயங்காலமானால் சொந்தக்காரர்களின் நம்பர்களை மனதிலிருந்தே அடிப்பார். "ஹலோ" என்று குரல் வந்ததும் வைத்துவிடுவார். பரீட்சையில் தேறியாயிற்று, பேச்சு எதற்கு?

அன்று தங்கையின் நம்பரில் தேறவில்லை. கல்யாணம் நிச்சயமான மகளோ, வீட்டை விற்று அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கத் துடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதுவே போதுமானதாயிற்று.

அதன்பின் அக்கா கதவைப் பூட்டுவார், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். அடுப்பை அணைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். "நீயும் பாரேன், அணைஞ்சிருக்கா?" கேலி நாக்கு நுனிவரை வந்தது, அவர் மறுபடியும் குமிழைத் திருகிப் பார்ப்பதைக் கண்டு விழுங்கிவிட்டேன்.

"நம்பரு மறந்தா தொலையுது. நாளைக்கு இந்த வீடே மறந்துட்டா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கையே நேரில் வந்தார். சர்க்கரை கடன் கேட்கும் சாக்கில் நானும் உள்ளே இருந்தேன்.

"நான்தான்க்கா நம்பர மாத்தினேன். தெனம் அடிக்கிற, ஹலோன்னா வச்சுடுற. நான் உசுரோட இருக்கேனான்னு பாக்குறியா? கடுப்புல உங்கிட்ட சொல்லல."

அக்கா அழுதுகொண்டே மகளைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியாடி? எனக்கு ஒண்ணுமில்ல! எங்க, புது நம்பரச் சொல்லு."

தங்கை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அக்கா திருப்பிச் சொல்லி, பாதியில் நின்றார். முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே இடத்தில் நின்றார். எங்கள் முகங்களில் எதையோ தேடினார். மகள் புது நம்பரை ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் நீட்டினாள். கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

மழைக்காலத்துக்கு முன்பே மகள் நில அளவையர் ஒருவரைக் கட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டாள். வீட்டை விற்கவில்லை. தங்கை தன் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, பெட்டி படுக்கையோடு அக்காவிடமே குடிவந்துவிட்டார்.